குறைமாதத்தை முன்னறியும் குருதி

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து, ஹந்தானை மலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு கலஹாவை நோக்கி ஏறிச் செல்லும் பாதையில், சித்திரை வருஷப் பிறப்புக் கழிந்த ஒரு காலை வேளையில், இரவெல்லாம் பெய்த மழையின் ஈரம் தேயிலைச் சரிவுகளை விட்டு இன்னும் அகலாத நேரத்தில், கர்ப்பவதிகளுக்கான கிளினிக் நடைபெறும் சிறு கட்டடம் ஒன்றின் விறாந்தையில், உறவுக்காரப் பெண்ணொருத்திக்குத் துணையாக நான் உட்கார்ந்திருந்தேன். வாங்கின் மறுகோடியில் இருந்த தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், தலைச்சன் பிள்ளை, முதல் தடவையாகப் பதிவுக்கு வந்திருந்தாள். மருத்துவிச்சியம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்:

“கடைசியாத் தூரமானது எப்பம்மா? தேதி ஞாபகம் இருக்கா?”

“தேதி தெரியாது மிஸ். மாத்தளைத் தேருக்கு லயத்துல எல்லாரும் போனாங்க. நான் மட்டும் போகல. அன்னைக்குத்தான்.”

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர் மாசி மகத்தன்று ஓடுவது. மருத்துவிச்சியம்மாள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, மாசி மகத்தின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து வாரம் வாரமாக எண்ணிக்கொண்டு வந்து, ஏழு வாரம் முடிந்து எட்டாவது வாரம் நடக்கிறது என்றும், பிரசவம் கார்த்திகையில் என்றும் அட்டையில் எழுதினாள். பிறகு அந்தப் பெண்ணின் கை மடக்கிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். ஊதா மூடியிட்ட குழாய் ஒன்று. வேறு நிற மூடியிட்ட குழாய் இரண்டு. ஒவ்வொன்றிலும் அவளுடைய இலக்கத்தை எழுதி ஒட்டி, பெட்டிக்குள் செருகிவிட்டார்கள்.

அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கட்டுரை எந்த வினாவைப் பற்றியதோ அந்த வினா எனக்குள் எழுந்தது. கார்த்திகையில் பிறக்க வேண்டிய சிசு புரட்டாசியிலேயே பிறந்துவிடுமா என்பதை, சித்திரையில் எடுத்த இந்தச் சில துளி இரத்தம் சொல்லக்கூடுமா?

கர்ப்பம் தரித்து 37 வாரங்கள் பூர்த்தியாவதற்கு முன் நிகழும் பிரசவத்தைக் குறைமாதப் பிரசவம் என்று வைத்திய சாஸ்திரம் வரையறுக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், அதாவது பத்துக் குழந்தைகளில் ஒன்று என்னும் விகிதத்தில், இவ்வாறு காலத்துக்கு முந்திப் பிறந்தன என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஐந்து வயதுக்குள் மாண்டுபோகும் குழந்தைகளின் மரண காரணங்களில் முதலிடம் வகிப்பது இதனால் விளையும் உபாதைகளே. 2019இல் இவ்வாறு இறந்த குழந்தைகள் சுமார் 9 லட்சம்.

ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வயிற்றில் ஒவ்வொரு நாள் கூடுதலாகத் தங்கும்போதும் சிசுவின் நுரையீரல் சிறிது சிறிதாகப் பக்குவம் பெறுகிறது என்பதே உண்மை. ஆயினும் பாட்டிமாரின் சொல்லுக்குப் பின்னால் இருந்த துக்கம் மெய்யானது. 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். உலகத்திலேயே சக்தி வாய்ந்த தேசத்தின் தலைவருடைய பிள்ளையாயிருந்தும், அவனுடைய நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் போதிய அளவு சுரக்காமையால், இரண்டு நாட்களுக்குள் இறந்துபோனான். அந்தப் பொருளின் குறைவே இந்த வியாதிக்குக் காரணம் என்பதை மேரி எல்லன் ஏவரி என்ற பெண் வைத்தியர் 1959லேயே கண்டறிந்திருந்தார். காரணம் தெரிந்திருந்தும் பரிகாரம் அப்போது கைக்கு வந்திருக்கவில்லை. நியூசிலாந்தின் ஆக்லண்ட் நகரில் கிரஹாம் லிகின்ஸ் என்பவர், பிரசவ வேதனை எப்படித் தொடங்குகிறது என்று அறியச் செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்தபோது, கருவிலேயே ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்பட்ட ஆட்டுக்குட்டி, பிழைக்கவே முடியாத அளவு முந்திப் பிறந்திருந்தும், மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டார். அவரும் ரோஸ் ஹோவியும் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் பயனாக, முந்திப் பிரசவிக்கப் போகும் தாய்க்கு அந்த மருந்தை ஊசி மூலம் செலுத்திச் சிசுவின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஊசியின் விலையோ சொற்பம். இன்று கென்னடியின் மகனைப் போல் 34 வாரத்தில் பிறக்கும் குழந்தை, கண்டியிலோ பேராதனையிலோ உள்ள பெரிய வைத்தியசாலையில் பிறக்குமானால், பெரும்பாலும் பிழைத்து வளர்ந்துவிடும்.

அங்கே பிறக்குமானால் என்று சொன்னேன். இடர்ப்பாடு முழுவதும் அந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி தன் பலனை நன்றாகக் காட்டுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கிறது. தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள ஒரு லயத்தில் நள்ளிரவில் இடுப்பு வலி எடுத்து, வாகனம் தேடி, வளைவு வளைவாக இறங்கும் மலைப்பாதையில் இரண்டு மணித்தியாலம் குலுங்கி வந்து சேரும் தாய்க்கு அந்த ஒரு நாள் கிடைப்பதில்லை. யாருக்கு முந்திப் பிரசவமாகும் என்பது மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தால், அவளைத் தக்க சமயத்தில் பேராதனைக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். கருப்பை வாயின் நீளம் குறைந்துவருகிறதா என்று ஸ்கேன் மூலம் அளந்து பார்க்கலாம். 25 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் புரோஜெஸ்டரோன் மருந்தை யோனி வழியாக வைக்கலாம். சிலருக்கு, பம்பாய் வைத்தியர் வி. என். ஷிரோட்கர் 1955இல் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய முறையில், கருப்பை வாயைச் சுற்றித் தையல் போட்டுக் கர்ப்பத்தைத் தாங்கச் செய்யலாம். கைக்கெட்டும் பரிகாரங்கள் இவ்வளவு இருந்தும், யாருக்குச் செய்வது என்று தெரியாமையால் அவை பயன்படாமற் போகின்றன. ஆகவேதான் விஞ்ஞானிகள் இரத்தத்தைக் கூர்ந்து நோக்கத் தலைப்பட்டார்கள்.

சிசுவின் செய்தி தாயின் இரத்தத்தில் எப்படி வருகிறது? நஞ்சுக்கொடியே அதற்குத் தபால்காரன். ஒரு பக்கம் சிசுவையும் மறுபக்கம் தாயின் குருதியையும் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த அவயவம், தான் வேரூன்றும் விதத்தையும் தன் நலிவையும் தெரிவிக்கும் பலவகைப் புரதங்களையும் ஹார்மோன்களையும் தாயின் இரத்தத்திலே இடைவிடாது கலந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் ரோஜர் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இத்துறையில் மிகவும் பிரசித்தமானது. மன அழுத்தத்தின்போது மூளையில் சுரக்கும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. கர்ப்ப காலத்தின் இடைப்பகுதியில் எடுத்த இரத்தத்திலேயே அதன் அளவு சிலருக்கு அதிகமாயிருந்தது. அப்படிப்பட்டவர்கள் முந்திப் பிரசவித்தார்கள். தாமதித்துப் பிரசவித்தவர்களுக்கு அது குறைவாயிருந்தது. நஞ்சுக்கொடிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்றும், அது சிலருக்கு ஆரம்பத்திலேயே வேகமாக ஓடுகிறது என்றும் அவர்கள் அநுமானித்தார்கள். அந்தக் கடிகாரம் பலருடைய கவனத்தைக் கவர்ந்தது உண்மை. ஆனால் அதை மட்டும் பார்த்துப் பிரசவ நாளைச் சொல்லிவிடும் அளவுக்கு அதன் முள் துல்லியமாயிருக்கவில்லை.

இன்னும் முந்திய வாரங்களில் தென்படும் அடையாளம் ஒன்று உண்டு. பாப்-ஏ என்று வைத்தியர்கள் சுருக்கமாக அழைக்கும் புரதம் அது. சிசுவின் வளர்ச்சிக்கு வேண்டிய காரணி ஒன்றை வேறொரு புரதம் பூட்டி வைத்திருக்க, பாப்-ஏ கத்தரிக்கோல்போல அந்தப் பூட்டை வெட்டி, காரணியை விடுவிக்கிறது. நஞ்சுக்கொடி ஆழமாக வேர்பிடிக்க இது இன்றியமையாதது. ஸ்காட்லாந்தில் 8,000க்கு மேற்பட்ட தாய்மாரின் இரத்தத்தை முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே எடுத்துப் பார்த்து கோர்டன் ஸ்மித் முதலானோர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பாப்-ஏ மிகக் குறைவாக இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவமும் சிசு மெலிவும் அதிகம் நேர்ந்ததைக் காட்டியது. பிரசவத்தின் விதி அதன் கடைசி வாரங்களில்தான் நிச்சயமாகிறது என்று நெடுநாள் எண்ணியிருந்தவர்களுக்கு, தாய் தன் கர்ப்பத்தை ஊராருக்குச் சொல்லக்கூடத் தயங்கும் அந்த ஆரம்ப வாரங்களிலேயே அதன் வித்து ஊன்றப்பட்டுவிடுகிறது என்ற செய்தி பெரிய விழிப்பைத் தந்தது. அமெரிக்காவில் செரா பிராக்னாஸ்டிக்ஸ் என்ற நிறுவனம் இப்போது விற்பனை செய்யும் பரிசோதனையும் இந்தச் சங்கிலியின் மற்றொரு கண்ணியையே அளக்கிறது; பாப்-ஏ வெட்டுகிற அந்தப் பூட்டுப் புரதத்துக்கும், பாலின ஹார்மோன்களைச் சுமந்து செல்லும் இன்னொரு புரதத்துக்கும் உள்ள விகிதத்தை, 18ஆம் வாரத்திலிருந்து 20ஆம் வாரம் வரைக்குள் எடுத்த இரத்தத்தில் பார்க்கிறார்கள்.

புரதங்களைக் கடந்து, மரபணுவின் சங்கேதங்களையே இரத்தத்தில் வாசிக்கும் முயற்சியும் நடக்கிறது. தாயின் இரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று டென்னிஸ் லோ 1997இல் கண்டுபிடித்தார். டி.என்.ஏ. அன்றாடம் மாறாதது, ஒரு வீட்டின் ஆதனப் பத்திரம் போன்றது. அதைப் பார்த்துச் செல்கள் அவ்வப்போது எழுதியனுப்பும் குறிப்புச் சீட்டுகளான ஆர்.என்.ஏ. துணுக்குகளோ, இன்றைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுபவை. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் ஸ்டீபன் குவேக்கும் அவருடைய மாணவர்களும், டென்மார்க்கின் 31 தாய்மார் வாரந்தோறும் கொடுத்த இரத்தத்தில் இந்தத் துணுக்குகளை எண்ணி, கர்ப்பம் எத்தனை வாரம் என்பதை ஸ்கேனுக்கு ஏறக்குறைய நிகராகச் சொன்னார்கள். அமெரிக்கத் தாய்மார் சிலரின் இரத்தத்தில் ஏழு துணுக்குகளைக் கொண்டு, குறைமாதப் பிரசவத்தை இரண்டு மாதம்வரை முன்கூட்டி அநுமானிக்க முடிந்ததாகவும் 2018இல் எழுதினார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களின் தொகை மிகச் சிறிது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் இவற்றுள் ஒன்றும் திட்டமான தீர்ப்பாகவில்லை? குறைமாதம் என்பது ஒரே நோய் அன்று. காய்ச்சல் என்று ஒரு பெயர் சொன்னாலும் அதன் பின்னே நூறு காரணங்கள் இருப்பதுபோல, ஒருத்திக்கு நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காமை, ஒருத்திக்குக் கிருமித் தொற்று, ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளையால் கருப்பை விரிவு, ஒருத்திக்கு இரத்த அழுத்தம் என்று வெவ்வேறு வழிகள் வந்து ஒரே வாசலில் முடிகின்றன. நஞ்சுக்கொடியைப் பற்றிய அடையாளம், கிருமியால் வரப்போகும் பிரசவத்தை எப்படிச் சொல்லும்?

கணக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. வாசகர்கள் பொறுமையோடு என்னுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். 1,000 கர்ப்பவதிகளில் 100 பேருக்குக் குறைமாதம் நேரும் என்று கொள்வோம். ஆபத்துள்ள நால்வரில் மூவரைக் கண்டுபிடிக்கவும், ஆபத்தில்லாத நால்வரில் மூவரைச் சரியாக விடுவிக்கவும் வல்ல ஒரு நல்ல பரிசோதனை நம்மிடம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 75 பேரை அது பிடித்துவிடும். 25 பேர் தப்பிப் போவார்கள். மீதி 900 பேரில் 225 பேருக்கு அது வீணாக அபாயமணி அடிக்கும். ஆக, “உனக்கு ஆபத்து” என்று சொல்லப்படும் 300 பேரில் 225 பேர் மாதம் நிறைந்து சுகமாகப் பெறப் போகிறவர்கள்! நகரத்து வீட்டில் இருப்பவள் அந்தச் சொல்லைக் கேட்டு நான்கு மாதம் கவலையோடு காலங் கழிப்பாள். கொழுந்து பறித்து அன்றாடம் பேர் விழுந்தால்தான் சம்பளம் என்ற நிலையில் இருப்பவள், மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு லயத்து அறையில் பயந்து படுத்திருப்பாள். வருமானமும் போய், உணவும் குறைந்து, இல்லாத ஆபத்துக்கு உண்மையான பாதகம் ஒன்றை அவள் விலையாகக் கொடுத்திருப்பாள். இதை எண்ணாமல் புதிய பரிசோதனையை வரவேற்பது தகாது என்பது என் அபிப்பிராயம்.

எந்த இரத்தத்தில் அளவுகோல் செய்யப்பட்டது என்பதும் விசாரிக்க வேண்டியதே. ஸ்காட்லாந்துத் தாய்க்கு எது குறைவோ, அது மெலிந்த தேகமுடைய நம் மலையகத் தாய்க்கும் குறைவாக இருக்க வேண்டிய நியதி இல்லை. கர்ப்பத்தின் வயதை ஸ்கேனில் கணிக்கும் சூத்திரமே மேல்நாட்டுப் பெண்களை அளந்து எழுதப்பட்டதாயிருந்ததால், இந்தியாவில் 2015ஆம் ஆண்டு குருகிராம் அரசாங்க வைத்தியசாலையில் ஆரம்பிக்கப்பட்ட ‘கர்பினி’ என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான தாய்மாரின் அளவுகளைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகளும் பரீதாபாத் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து புதிய சூத்திரம் ஒன்றை உருவாக்கி 2024இல் வெளியிட்டார்கள். அதே தாய்மாரின் இரத்தம் முதலியவையும் குறைமாதத்தின் அடையாளங்களைத் தேடுவதற்காகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இலங்கையிலும், கண்டிக்கு வடக்கே அநுராதபுர மாவட்டத்தில், ரஜரட்ட பல்கலைக்கழகத்தார் 2019இல் மூன்று மாத காலத்தில் பதிவான கர்ப்பவதிகளை ஆரம்பத்திலிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார்கள். தோட்டப் பகுதிகளில்தான் எடை குறைந்த பிள்ளைகள் தேசத்திலேயே அதிகம் பிறக்கின்றன. ஆகையால் இத்தகைய முயற்சி மலைநாட்டுக்கும் வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இவ்வளவையும் சொன்னபின், வாசகர் பலர் கவனித்திராத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். குறைமாதத்தையும் சிசு மரணத்தையும் ஆரம்பத்திலேயே முன்னறிவிக்கும் இரத்த அடையாளம் ஒன்று, நூறாண்டுக்கு மேலாக நம் கையில் இருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பெண்ணின் குழாய்களுள் ஒன்று அதற்காகவே எடுக்கப்பட்டது. சிபிலிஸ் என்னும் மேகநோயை இரத்தத்தில் கண்டறியும் முறையை ஜெர்மானியரான வாசர்மன் 1906இல் வகுத்தார். அதன் வழிவந்த வீ.டீ.ஆர்.எல். பரிசோதனையை இலங்கையில் ஒவ்வொரு கர்ப்பவதிக்கும் இலவசமாகச் செய்கிறார்கள். கவனிக்காமல் விட்டால், அந்த நோய் சிசுவை வயிற்றிலேயே கொல்லும், அல்லது காலத்துக்கு முன் வெளியே தள்ளும். கண்டுபிடித்தாலோ பென்சிலின் ஊசியோடு தீர்ந்துவிடும். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த தேசம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இலங்கைக்குச் சான்று வழங்கியதற்குப் பின்னால், மலைக்கு மலை ஏறி இறங்கிய மருத்துவிச்சிமாரின் கால்கள் இருக்கின்றன.

மலேரியாவின் கதையும் அப்படியே. நஞ்சுக்கொடிக்குள் குடிபுகுந்து பிரசவத்தை முந்தச் செய்யும் அந்தக் காய்ச்சல், 1934, 35ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது, கேகாலை, குருநாகல், கண்டிப் பிரதேசங்களைச் சூறையாடிச் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்துக்குப் பின்னரே கிராமப்புற வைத்திய வசதிகள் வேகமாகப் பெருகின. 1926இல் களுத்துறையில் முதன்முதலாக நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவின் மாதிரியில் ஊர்தோறும் மருத்துவிச்சிமார் நியமிக்கப்பட்டார்கள். 1930களில் லட்சம் பிரசவங்களுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் மாண்டுகொண்டிருந்த இந்தத் தீவு, 2016இல் மலேரியாவிலிருந்து முற்றாக விடுபட்டதாகச் சான்று பெற்றது.

வீ.டீ.ஆர்.எல். குழாய்க்கும் பாப்-ஏக்கும் உள்ள வித்தியாசம் இப்போது விளங்கும். முன்னதில் தீய அடையாளம் தெரிந்தால் அடுத்த நாளே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பின்னதில் அப்படிப்பட்ட உறுதியான பரிகாரம் இன்னும் கிட்டவில்லை. குறைமாதத்தைத் தடுக்கும் என்று அமெரிக்காவில் 2011இல் அநுமதி பெற்ற ஒரு புரோஜெஸ்டரோன் வகை ஊசி, பயன் நிரூபணமாகாமையால் 2023இல் திரும்பப் பெறப்பட்டது. நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. தலைச்சன் பிள்ளைத் தாய்மார் சுமார் 12,000 பேரை, இந்தியா உள்ளிட்ட ஆறு தேசங்களில் சேர்த்து 2020இல் வெளியான ஆராய்ச்சி, 14ஆம் வாரத்துக்கு முன் தொடங்கித் தினமும் சிறிதளவு ஆஸ்பிரின் கொடுத்ததனால் குறைமாதப் பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. வைத்தியரைக் கேளாமல் யாரும் அதை விழுங்கலாகாது. ஆனால் எட்டாம் வாரத்து இரத்தம் தரும் எச்சரிக்கைக்கு விடை சொல்லக்கூடிய, ஏழைக்கும் எட்டக்கூடிய ஒரு மருந்து இருக்கலாம் என்பதற்கு இது நல்ல அறிகுறி.

ஊதா மூடியிட்ட குழாய் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பதற்கு. டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. மிகக் குறைந்தால், பிரசவம் முந்தவும் பிள்ளை மெலியவும் அதுவே ஒரு காரணமாகலாம். இதைவிட மலிவான, இதைவிடப் பழக்கமான அடையாளம் வேறில்லை; அதனாலேயே இதை யாரும் ஆச்சரியமாகப் பேசுவதில்லை.

கிளினிக்கில் அந்தப் பெண்ணுக்கு அடுத்ததாக அழைக்கப்பட்டவளுக்கு ஆறாம் மாதம். போன தடவை எடுத்த இரத்தத்தின் முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவிச்சியம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

“இரும்பு மாத்திரையை எதோட போடுற?”

“காலைல சாயத்தண்ணியோட மிஸ்.”

“அதுதானே பார்த்தேன். சாயத்தண்ணி இரும்பை உடம்புல ஒட்ட விடாது. ரெண்டு மணித்தியாலம் தள்ளித்தான் குடிக்கணும்.”

“பிரட்டுக்குப் போறதுக்கு முன்னால சாயத்தண்ணி இல்லாம எப்படி மிஸ்?”

மருத்துவிச்சியம்மாள் சிறிது யோசித்தாள். “அப்ப மாத்திரையை ராத்திரிக்குப் படுக்கும்போது போடு. தேசிக்காய்த் தண்ணியோட. கல்சியத்தை அதோட சேர்க்காதே, அது மத்தியானம்.”

மாத்தளைத் தேருக்குப் போகாத பெண் இதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் அட்டையை மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்து, அதை இரவிக்கைக்குள் செருகிக்கொண்டு எழுந்தாள். வெளியே, குழாய்கள் அடுக்கிய பெட்டியை வாகனத்தின் பின்னாசனத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.